டயர் பெரிதானது, கிரவுன் பினியன் எந்த ரேஷியோவில் போடுவது?

மலைப்பாதை:
நான்கு சக்கர டிரைவ் வண்டி. 28 இஞ்ச் டயரைக் கழற்றிவிட்டு 31 போட்டேன். அன்றிலிருந்து ஏற்றத்தில் திணறுகிறது. இப்போது மிதித்தால் பின் ஆக்சிலில் 'உய்ங்' என்று சத்தம் வேறு. திறந்தால் பினியனில் (இன்ஜின் பக்கமிருந்து சுற்றும் சிறிய பல்சக்கரம்) இரண்டு பல் முனை உடைந்திருக்கிறது. அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரமான கிரவுன் நன்றாகத்தான் தெரிகிறது. பினியன் மட்டும் மாற்றினால் போதுமா? பல் கணக்கு 41/10 (கிரவுனில் 41, பினியனில் 10), அதாவது ரேஷியோ 4.10.

பழைய கை:
போதாது. இரண்டையும் ஒன்றோடொன்று ஓடவிட்டுத் தேய்த்துத்தான் ஜோடி சேர்க்கிறார்கள். செட் எண்ணைப் பாருங்கள், இரண்டிலும் ஒன்றாக இருக்கும். உடைந்த துகள் பேரிங்குக்குள்ளும் போயிருக்கும், அதையும் மாற்றுங்கள். மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், 41/9 போடுங்கள். 4.10 × 31 ÷ 28 = 4.54. 41/9 என்றால் 4.56, வண்டி பழைய இழுவைக்கு வந்துவிடும்.

நெடுஞ்சாலை:
ஜோடி விஷயம் சரி. ரேஷியோ மாற்றம் வீண் செலவு. முன் ஆக்சிலும் அதே ரேஷியோ ஆக வேண்டும், ஆக இரண்டு செட். பல் குறைந்தால் பினியன் தலையும் சிறுக்கும், பலம் குறையும். 4.10 இருந்தால் அதே வேகத்தில் இன்ஜின் சுற்று பத்து சதவீதம் குறைவு. ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கினால் தீர்ந்தது.

பழைய கை:
முதல் கியருக்குக் கீழே எதை இறக்குவது? ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கிளட்ச்தான் கருகும்.

நெடுஞ்சாலை:
லோ ரேஞ்ச் (நான்கு சக்கரத்துக்கும் இழுவையைக் கூட்டும் தாழ்ந்த கியர்) எதற்கு இருக்கிறது?

பழைய கை:
காய்ந்த தார் ரோட்டில் லோ ரேஞ்ச் போட்டுத் திரும்பிப் பாருங்கள், முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும். அது சேற்றுக்கு. பினியன் பலம் பற்றிச் சொன்னது நியாயம்தான், ஆனால் பல் உடைவதற்குத் தப்பான செட்டிங்கும் பெரிய காரணம்.

நெடுஞ்சாலை:
அதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் நானாக இருந்தால் 29 டயருக்கு இறங்கி, பின் ஆக்சிலுக்கு மட்டும் 4.10 செட் போடுவேன்.

மலைப்பாதை:
தரைக்கும் ஆக்சிலுக்கும் இடைவெளி வேண்டும், 31ஐ விட மனமில்லை. 41/9 இரண்டு செட் வாங்குகிறேன். பழைய ஷிம்மையே (பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்று சரிசெய்யும் மெல்லிய தகடு) வைக்கலாமா?

பழைய கை:
தொடக்கத்துக்கு வையுங்கள், அதோடு விட்டுவிடாதீர்கள். நான் அப்படி விட்ட ஒரு வண்டி சில வாரத்திலேயே ஊளையிட்டது. கிரவுன் பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவி, கையால் சுற்றிப் பாருங்கள். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். அடிப்பக்கம் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, நுனியில் விழுந்தால் இன்னும் உள்ளே போக வேண்டும். பேக்லாஷை (இரண்டின் பற்களுக்கும் இடையே உள்ள ஆட்டம்) டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், அளவு உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும். கிரஷ் ஸ்லீவ் (பினியன் பேரிங்கை இறுக்கும்போது நசுங்கும் குழாய்) இருந்தால் புதிதுதான், நசுங்கியது மறுபடி உதவாது.