14 அடிப் படகின் முன்தளத்துக்கு எடை குறைந்த பலகை எது?

நீலாங்கரைவாசி:
பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன், 14 அடி. முட்டுக்காடு உப்பங்கழியில் ஞாயிற்றுக்கிழமைகளில் துடுப்புப் போடத்தான். முன்தளம் ஊறிப்போய்க் கால் வைத்தால் அமுங்கியது, பிரித்தாகிவிட்டது. ஆசாரி 12 மி.மீ. மரைன் பிளைவுட் என்கிறார். கடைக்காரரோ சமையலறை அலமாரிக்குப் போடும் பிவிசி பலகையே போதும், ஊறவே ஊறாது என்கிறார். இரண்டு பேர் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டிய படகு. எதைப் போடலாம்?

தூண்டில்காரன்:
அலுமினியத் தகடு. ஊறாது, உளுக்காது.

எண்ணூர்ப் பெரியவர்:
சித்திரை வெயிலில் அந்தத் தகட்டின்மேல் வெறுங்காலோடு நின்றுவிட்டு வந்து சொல்லுங்கள், தம்பி. உப்புத் தண்ணீர் பட்டால், ஸ்டெயின்லெஸ் திருகு இறங்கிய இடத்தைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும்.

பிவிசி பலகை ஊறாது, உண்மைதான். ஆனால் விறைப்பு கிடையாது. வெயிலில் நடுவே தொய்யும், திருகும் பிடிக்காது. எடையிலும் பெரிய லாபமில்லை. அலமாரியோடு அதன் வேலை முடிந்தது.

பிளைவுட்டே போடுங்கள், ஆனால் 6 மி.மீ. போதும். 8க்கு 4 அடிப் பலகை 12 மி.மீ. என்றால் ஏறக்குறைய 23 கிலோ; 6 மி.மீ. அதில் பாதி. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். அடியில் குறுக்குச் சட்டங்களின் இடைவெளியைப் பாதியாக்கினால் ஆள் நிற்கும்போது அமுங்குவது ஏறக்குறைய பழைய அளவுக்கே வந்துவிடும். மேலே ஒரு மடிப்பு கிளாஸ் துணியை, அதாவது கண்ணாடியிழைத் துணியை, எபாக்சி என்ற இருகலவைப் பிசினில் ஒட்டுங்கள், வலுவுக்கு.

மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 தர முத்திரை பார்த்து வாங்குங்கள். முத்திரை இருந்தாலும் அறுத்த விளிம்பு வழியே தண்ணீர் ஏறத்தான் செய்யும். கழற்றிய பழைய தளத்தைத் திருப்பிப் பாருங்கள். திருகுத் துளையைச் சுற்றிக் காசு அளவுக்குக் கறுத்திருக்கும். நகத்தால் கீறினால் நார் நாராக வரும். அழுகல் தொடங்குவது அங்கேதான். துளையைப் பெரிதாகப் போட்டு எபாக்சியால் அடையுங்கள். இறுகிய பிறகு அதன் நடுவில் சின்னத் துளை போட்டுத் திருகுங்கள். திருகு மரத்தைத் தொடவே கூடாது. ஆசாரி முணுமுணுப்பார், பக்கத்திலேயே நில்லுங்கள்.

பாய்மரப்பிரியன்:
செலவுக்குத் தயார் என்றால், படகுக்கென்றே வரும் பிவிசி நுரைப் பலகையை நடுவில் வைத்து இருபுறமும் கிளாஸ் போடலாம். நுரை கன மீட்டருக்கு 80 கிலோதான். கயிறு கட்டும் கொக்கி வரும் இடத்தில் மட்டும் நுரையை எடுத்துவிட்டுக் கட்டை வையுங்கள், இல்லையென்றால் நசுங்கும். காசு மிச்சம் பிடிக்கத் தெர்மோகோல் வைத்துப் பாலியஸ்டர் ரெசின் பூசிவிடாதீர்கள், கரைந்தே போகும்.

நீலாங்கரைவாசி:
நுரை என் கைக்கு எட்டாது. 6 மி.மீ. பிளைவுட்தான். ஐப்பசி மழையில் எபாக்சி இறுகுமா?

எண்ணூர்ப் பெரியவர்:
இறுகும். ஈரக்காற்றில் மேலே மெழுகு போல ஒரு படலம் படியும். வெறும் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்த பூச்சு. பலகையே ஈரமாக இருந்தால் தை வரை பொறுங்கள். எபாக்சி வெயில் தாங்காது, அதன்மேல் வெள்ளைப் பெயிண்ட் கட்டாயம். பெயிண்ட் காயும் முன் சலித்த மணலைத் தூவுங்கள், வழுக்காது.