டர்பனில் 6 பேரைக் குறைக்கணும், எங்கே தொடங்குவது?

கேள்வி: வணக்கம். 40 பேர் வேலை செய்யும் மொத்த விற்பனைக் கிடங்கு. வியாபாரம் படுத்ததால் 6 பேரை நிறுத்தும் நிலை. சட்டப்படி என்ன செய்யணும்? மிஞ்சுபவர்கள் மனம் உடையாமல் பார்ப்பது எப்படி?

பதில் 1: ஐயா, “இந்த 6 பேர்” என்று முடிவெடுத்த பிறகு கூட்டம் போடுவதுதான் பெரிய தவறு. தென்னாப்பிரிக்காவின் 1995 தொழிலுறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி, யோசனையாக இருக்கும்போதே எழுத்தில் அறிவித்துப் பேசணும். தொழிற்சங்கம் இருந்தால் அவர்களோடு. காரணம், பரிசீலித்த மாற்று வழிகள், ஆள் தேர்வு முறை, நாள், இழப்பீடு எல்லாம் கடிதத்தில் வரணும். பெயர்ப்பட்டியல் முன்பே தயாராக இருந்தது தெரிந்தால், வேலைத் தகராறுகளை விசாரிக்கும் சிசிஎம்ஏ அமைப்பில் உங்கள் பக்கம் நிற்பது கஷ்டம்.

பதில் 2: பணக் கணக்கு: முழுசாக முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம். ஓராண்டு தாண்டியவருக்கு 4 வார முன்னறிவிப்பு. எடுக்காத ஆண்டு விடுப்புக்கும் பணம் உண்டு. வேலை முடிந்ததைக் காட்டும் யூஐ-19 படிவத்தைக் கையோடு கொடுங்கள், இல்லையென்றால் அவர்கள் யூஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பணத்துக்கு அலைவார்கள், பாவம்.

பதில் 3: மிஞ்சுபவர்களிடம் அன்றைக்கே முதலாளியே நேரில் பேசணும். “இனி யாரும் போக மாட்டார்கள்” என்று உறுதியில்லாமல் சொல்லிவிடாதீர்கள். போனவர்களின் வேலையில் எதை யார் செய்வது, எதைக் கைவிடுவது என்று எழுதிக் காட்டுங்கள். அடுத்த மாதமே ஓவர்டைம் போட்டால், சொன்ன காரணத்தையே யாரும் நம்பமாட்டார்கள்.