38 கோப்பில் ஒன்று இல்லாவிட்டால் மொத்த வரைபடமும் காலி, அவசரம்

நெல்லைத்தம்பி (இரவு 9:40)
வணக்கம். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் மாவட்டவாரியாக மழை அளவு காட்டும் வரைபடம் செய்திருக்கிறேன். மாவட்டத்துக்கு ஒரு ஜேசன் கோப்பு (தரவு வைக்கும் உரைக் கோப்பு), ஜாவாஸ்கிரிப்டில் ஃபெட்ச் (சர்வரிடம் கோப்பைக் கேட்டு வாங்கும் கட்டளை) வைத்து எடுக்கிறேன். லேப்டாப்பில் அருமையாக ஓடியது. சர்வரில் ஏற்றினதும் வரைபடம் முழுக்க வெள்ளை. கோப்பு இல்லாவிட்டால் பிடிக்க கேட்ச் (பிழை வந்தால் ஓடும் பகுதி) எழுதியிருக்கிறேன், ஆனால் அது ஓடவே இல்லை. நாளை காலை 10 மணிக்குக் கல்லூரியில் காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

இரவுப்பணி (9:52)
பிரவுசரின் கன்சோலில் (பிழைச் செய்திகள் வரும் இடம்) என்ன பிழை வருகிறது? அதைச் சொல்லாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

கடற்கரைச்சாலை (9:55)
பக்கத்தை டபுள் கிளிக் செய்து திறக்கிறீர்களா? அப்படித் திறந்தால் பிரவுசர் ஃபெட்ச்சை விடாது. எனக்கு இதே பிரச்சினையில் இரண்டு நாள் போனது.

இரவுப்பணி (9:57)
சர்வரில் ஏற்றியாயிற்று என்கிறாரே.

நெல்லைத்தம்பி (10:04)
பிழை இதுதான்: 'அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்', அதற்குப் பக்கத்தில் ஒரு '<' குறி. என் ஜேசன் கோப்புகளில் அந்தக் குறியே கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன்.

செமிகோலன் (10:11)
தம்பி, இது அடிப்படை. ஃபெட்ச் எப்படி வேலை செய்கிறது என்று படிக்காமல் கேட்ச் எழுதினால் இப்படித்தான் ஆகும். சர்வர் 404 (கோப்பு இல்லை) என்று சொன்னாலும் ஃபெட்ச்சுக்கு அது தோல்வி இல்லை, பதில் வந்துவிட்டது என்றுதான் கணக்கு. இணைப்பே கிடைக்காமல் போனால்தான் கேட்சுக்குப் போகும். ரெஸ்பான்ஸில், அதாவது சர்வரின் பதிலில், 'ஓகே' என்று ஒன்று இருக்கிறது, சர்வர் சொல்லும் ஸ்டேட்டஸ் எண் 200 முதல் 299 வரை (வெற்றி) இருந்தால்தான் அது உண்மை. அதைப் பார்த்துவிட்டு அப்புறம் ஜேசனாக மாற்ற வேண்டும். இதே கேள்விக்கு நானே பல முறை பதில் எழுதியிருக்கிறேன்.

வரைபடக்காரி (10:15)
இன்னொன்று, 38 கோப்பையும் பிராமிஸ்.ஆல் வைத்து ஒன்றாக எடுக்கிறீர்களா? அதில் ஒன்று விழுந்தால் மொத்தமும் விழும். ஒவ்வொரு கோப்புக்கும் தனியாகக் கேட்ச் வைத்து, இல்லாத இடத்தில் 'நல்' (null, மதிப்பு இல்லை என்ற குறி) திருப்பிக் கொடுங்கள். வரையும்போது நல் வந்த மாவட்டத்துக்குச் சாம்பல் நிறம்.

கடற்கரைச்சாலை (10:18)
ஒன்று விழுந்தாலும் மற்றதைத் தரும் பிராமிஸ்.ஆல்செட்டில்டு இருக்கிறதே, 2020 முதல் மொழியிலேயே உண்டு.

செமிகோலன் (10:20)
அதைப் போட்டாலும் வெறும் ஃபெட்ச் என்றால் 404 'வெற்றி' என்றுதான் வரும். ஓகே பார்க்காமல் தீராது.

நெல்லைத்தம்பி (10:41)
ஆம், பிராமிஸ்.ஆல்தான். ஓகே பார்த்தேன், இன்னும் அதே '<' பிழை!! எல்லாக் கோப்புக்கும் ஓகே உண்மை என்றே வருகிறது.

இரவுப்பணி (10:44)
பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேப் திறந்து, பிழை வரும் கோப்பைச் சொடுக்கி, ரெஸ்பான்ஸில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் முகப்புப் பக்கமே வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நெல்லைத்தம்பி (10:49)
ஆமாம் அண்ணா! இண்டெக்ஸ் பக்கம் அப்படியே வந்திருக்கிறது. ஸ்டேட்டஸ் 200.

இரவுப்பணி (10:58)
அதுதான் அந்த '<' குறி, எச்டிஎம்எல்லின் முதல் எழுத்து. ஒரே பக்கத்தில் ஓடும் செயலி என்பதால், எந்த முகவரி கேட்டாலும் இண்டெக்ஸைக் கொடு என்று சர்வரில் ஒரு விதி எழுதியிருப்பீர்கள். இல்லாத கோப்பைக் கேட்டாலும் அந்த விதி உள்ளே வந்து 200 சொல்லிவிடுகிறது. டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் அந்த விதி பொருந்தாமல், இல்லாததற்கு உண்மையான 404 வரும்படி மாற்றுங்கள். சர்வரைத் தொட முடியாது என்றால், கன்டென்ட் டைப்பில் (பதில் என்ன வகை என்று சர்வர் சொல்லும் குறிப்பு) ஜேசன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படியுங்கள். போனில் எழுதுகிறேன், அதனால்தான் நிரல் எழுதிக் காட்டவில்லை.

வரைபடக்காரி (11:02)
சரி, எந்தக் கோப்புகள் இல்லை? எந்த ஆண்டு? இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

நெல்லைத்தம்பி (11:09)
2018, 2022 இரண்டும் வைத்திருக்கிறேன். 2018-க்கு 32 கோப்புதான் கிடைத்தது. தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை இல்லை. லேப்டாப்பில் 2022 மட்டும்தான் பார்த்தேன்.

வரைபடக்காரி (11:14)
அவை தொலையவில்லை. 2018-ல் அந்த மாவட்டங்களே கிடையாது. ஐந்து 2019-ல் பிரிந்தன, மயிலாடுதுறை 2020-ல். இல்லை என்று முன்பே தெரிந்த கோப்பை ஏன் கேட்க வேண்டும்? எந்த ஆண்டுக்கு எந்த மாவட்டம் உண்டு என்று ஒரு பட்டியல் கோப்பு வையுங்கள், முதலில் அதைப் படித்துவிட்டு இருப்பதை மட்டும் எடுங்கள். பட்டியலில் இருந்தும் வராவிட்டால் அதுதான் பிழை, அதை மறைக்காமல் திரையில் காட்டுங்கள்.

கடற்கரைச்சாலை (11:17)
இவ்வளவு எதற்கு? இல்லாததற்கு 0 போட்டுவிட்டால் முடிந்தது.

வரைபடக்காரி (11:19)
தயவுசெய்து 0 போடாதீர்கள். 0 என்றால் மழையே பெய்யவில்லை என்று பொருள். குற்றாலம் இருக்கும் தென்காசியில் ஓராண்டு முழுக்க மழை இல்லை என்று வரைபடம் சொல்லலாமா?

செமிகோலன் (11:23)
நல் போட்டாலும் ஆபத்துதான். ஜாவாஸ்கிரிப்டில் நல்லை எண்ணோடு கூட்டினால் அது 0 ஆகிவிடும், பிழையே வராது. சராசரி எடுத்தால் சத்தமில்லாமல் குறையும். அன்டிஃபைண்டு (மதிப்பே தரப்படாதது) என்றால் 'NaN' (எண் இல்லை என்ற குறி) என்றாவது வந்து காட்டிக்கொடுக்கும். கூட்டும் முன் நல்லை வடிகட்ட வேண்டும், வகுக்கும் எண்ணும் 38 இல்லை, 32.

கடற்கரைச்சாலை (11:26)
அப்படியென்றால் 2018-க்குத் தாய் மாவட்டத்தின் எண்ணைப் போடலாமே? தென்காசிக்குத் திருநெல்வேலி, ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் வேலூர்.

வரைபடக்காரி (11:31)
அது இன்னும் மோசம். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய தென்காசிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் பெறும். கிழக்கே போகப் போக மழை வடகிழக்குப் பருவத்தை நம்பித்தான். இரண்டுக்கும் ஒரே சராசரி எழுதினால் இரண்டுமே பொய். 2018-க்குப் பழைய 32 மாவட்ட எல்லைக்கோட்டையே வரையுங்கள்.

செமிகோலன் (11:33)
எல்லைக்கோடு மாற்றுவது நாளைக் காலைக்குள் முடியாது.

வரைபடக்காரி (11:34)
முடியாவிட்டால் சாம்பல் நிறம். தப்பான எண் வேண்டாம்.

நெல்லைத்தம்பி (நள்ளிரவு 12:20)
விதியை மாற்றிவிட்டேன், இப்போது 404 வருகிறது, வரைபடமும் வந்துவிட்டது. ஆனால் 2022-லும் தூத்துக்குடி சாம்பல். அந்தக் கோப்பு கண்டிப்பாக இருக்கிறது.

இரவுப்பணி (12:24)
கோப்புப் பெயரின் முதல் எழுத்து பெரியதா, சிறியதா? விண்டோஸ் வித்தியாசம் பார்க்காது, லினக்ஸ் சர்வர் பார்க்கும். 2022-ம் சர்வரில் வெள்ளையானது அந்த ஒரு கோப்பால்தான்.

நெல்லைத்தம்பி (12:31)
பெரிய எழுத்துதான். மாற்றினேன், வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

வரைபடக்காரி (12:33)
2018-க்கு என்ன செய்தீர்கள்? திருநெல்வேலி என்று காட்டும் எண்ணில் தென்காசியும் சேர்ந்திருக்கிறது என்று ஒரு குறிப்பாவது போடுங்கள்.

கரிசல் (மூன்று நாள் கழித்து)
எனக்கும் இதே நிலைதான், ஆனால் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு). பிழையே வரவில்லை, வரைபடம் மட்டும் காலி.

இரவுப்பணி
சிஎஸ்விக்கு எச்டிஎம்எல்லும் வெறும் வரிகள்தான், '<' கண்டு நிற்காது. முதல் வரியில் நீங்கள் எதிர்பார்க்கும் நெடுவரிசைப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். எந்தச் சர்வர், விதி ஏதாவது இருக்கிறதா?