இராணுவச் செவிலியர் பணி: மகளை அனுப்பலாமா?

கேள்வி: கயத்தாறு விவசாயி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவில் படிக்கிறாள். என் தாயார் பக்கவாதத்தில் படுத்திருந்த எட்டு மாதமும், படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தவள் அவள்தான். அன்று முதல் செவிலியர் படிப்பைத் தவிர வேறு பேச்சில்லை. தனியார் கல்லூரிகள் நான்கு ஆண்டுக்குக் கேட்கும் தொகை எனக்கு எட்டாது. இராணுவத்தில் செலவில்லாமல் பி.எஸ்சி. நர்சிங் படிக்க வைத்து, முடித்ததும் அதிகாரியாகவே அமர்த்துகிறார்கள் என்று விடுமுறையில் ஊருக்கு வந்த சிப்பாய் ஒருவர் சொன்னார். அதற்கு நீட் எழுத வேண்டும் என்கிறார் அவர். நர்சிங்குக்கு நீட் எதற்கு, பிளஸ் டூ மதிப்பெண் போதுமே என்கிறார் பள்ளி ஆசிரியர். யார் சொல்வது சரி? கையெழுத்திட்டால் திரும்ப முடியாது என்பது உண்மையா? பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப என் மனைவி தயங்குகிறாள்.

பதில் 1: ஓய்வுபெற்ற இராணுவச் செவிலி, கோவை

ஐயா, இருவர் சொல்வதும் சரிதான். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நடக்கிறது. ஆனால் இராணுவச் செவிலியர் சேவைக்கான கல்லூரிகளுக்கு நீட் மதிப்பெண் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இதற்கென்று தனி நுழைவுத் தேர்வு இருந்தது. இப்போது நீட் வழியாகவே வர வேண்டியிருப்பதால், நர்சிங் மட்டும் போதும் என்று நினைக்கும் நம் மாநிலத்துப் பிள்ளைகள் நீட்டுக்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டு, பிறகு இந்த அறிவிப்பைப் பார்த்து வருந்துகிறார்கள். ஆகவே முதல் வேலையாக அந்த விண்ணப்பத்தை நிரப்புங்கள். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.

நீட் எழுதினால் தானாக அழைப்பு வந்துவிடும் என்றும் இருந்துவிடாதீர்கள். முடிவு வந்த பின் இந்தியத் தரைப்படையின் ஆட்சேர்ப்பு இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன்பின் கணினி வழியில் பொது அறிவுத்திறனும் ஆங்கிலமும் சோதிக்கும் ஒரு தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை ஆகியவை உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றில் குறைந்தது 50 விழுக்காட்டுடன், முதல் முயற்சியிலேயே பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். புனே, மும்பை, புது தில்லி, கொல்கத்தா, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு இடங்களிலும் சேர்த்து 220 இடங்களே உள்ளன. தென்னிந்தியாவில் பெங்களூருவில் உள்ள விமானப்படைக் கட்டளை மருத்துவமனைக் கல்லூரி மட்டுமே, அங்கே 40 இடங்கள்.

செலவைப் பொறுத்தவரை சிப்பாய் சொன்னது உண்மை. தங்குமிடம், உணவு, சீருடைப்படி, மாத உதவித்தொகை எல்லாம் அவர்களே தருகிறார்கள். ஆனால், இலவசம் என்பதற்காக மட்டும் அனுப்பாதீர்கள் என்றே சொல்வேன். மற்றக் கல்லூரிகளில் படிப்பு முடிந்த பிறகுதான் வேலை பற்றிய கேள்வி எழும். இங்கே பதினேழு, பதினெட்டு வயதில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வகுப்பறைக்குள் நுழைகிறோம்.

நான் புனேயில் சேர்ந்தபோது எனக்கு ஒரு வரி இந்தி தெரியாது. சீருடைப் பையில் உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று வைத்திருந்தேன். அதில் 'தர்த் கஹாங் ஹை' என்று தமிழெழுத்தில் எழுதி, பக்கத்தில் 'வலி எங்கே' என்று குறித்திருப்பேன். முதல் இரவுப் பணியில், பனிக்கடியில் கால்விரல்கள் கறுத்துப்போயிருந்த ஒரு ஜவானிடம் அதைத் தட்டுத் தடுமாறிப் படித்தேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, 'தமிழா சிஸ்டர்? வலது கால்ல சுண்டுவிரல்' என்றார். மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர், தேனிப் பக்கம். ஆறு மாதத்தில் இந்தி வந்துவிட்டது; நோட்டு இன்னும் இருக்கிறது.

தோளில் லெப்டினன்ட் நட்சத்திரம் இருந்தாலும் நோயாளிக்கு நாம் சிஸ்டர்தான். வெப்பநிலை பார்ப்பதும் கட்டுப் போடுவதும் படுக்கையைச் சரிசெய்வதும் அதிகாரிக்கான வேலையா என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பணி ஒத்துவராது. பாட்டியைப் புரட்டிப் படுக்க வைத்த பிள்ளைக்கு அந்தக் கவலை இருக்காது.

பதில் 2: ஓர் அம்மா, தருமபுரி

என் மகள் பெங்களூருவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், அண்ணா. நீங்கள் கேட்ட கையெழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படிப்பு முடிந்ததும் இராணுவச் செவிலியர் சேவையில் பணியாற்றுவதாகச் சேரும்போதே ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். இடையில் விட்டாலோ, முடித்த பின் சேர மறுத்தாலோ பிணைத்தொகை கட்ட வேண்டும். திரும்பவே முடியாது என்பதில்லை, திரும்பினால் செலவாகும். அந்த ஆண்டுக்கான தொகை எவ்வளவு என்பதை அறிவிப்பில் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். படிக்கும் காலத்தில் திருமணம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. எங்கள் உறவில் சிலருக்கு அது குறையாகப்பட்டது; எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

மருத்துவப் பரிசோதனையை எளிதாக நினைக்காதீர்கள். மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுக்கிறார்கள். காதில் மெழுகு அடைத்திருந்தது என்பதற்காக ஒரு பெண்ணைத் தற்காலிகமாகத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பிள்ளை வாசலிலேயே உட்கார்ந்து அழுதது. மேல்முறையீட்டில் சரியானது என்றாலும், முன்கூட்டியே காது, பல், கண் மூன்றையும் உள்ளூர் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

பதில் 3: நெல்லைச் செவிலியர்

நீட்டைத் தவறவிட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். வெளியே பி.எஸ்சி. நர்சிங் முடித்துச் செவிலியராகப் பதிவு பெற்றவர்கள் குறுகியகால ஆணை (ஷார்ட் சர்வீஸ் கமிஷன், அதாவது குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டுமான அதிகாரிப் பணி) வழியாகவும் இந்தச் சேவைக்கு வரலாம். 2024 ஜனவரியில் தேசியத் தேர்வு முகமை அதற்கான தேர்வை நடத்தியது. வயது வரம்பு 21 முதல் 35. ஆனால் அந்த அறிவிப்பு ஆண்டுதோறும் தவறாமல் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

சம்பளத்தில் லெப்டினன்டின் தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். அதோடு ஏழாவது ஊதியக் குழுவின்படி இராணுவப் பணி ஊதியம் 10,800 ரூபாய். மற்ற அதிகாரிகளுக்கு அதுவே 15,500 ரூபாய் என்பது செவிலியர் அதிகாரிகளுக்குள் நெடுநாளாகப் புகையும் மனக்குறை. இருந்தாலும் நம்மூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் பன்னிரண்டு மணி நேரப் பணிக்கு நான் முதலில் வாங்கிய சம்பளத்தை நினைத்தால், அந்தக் குறையைக்கூட ஒரு வசதியாகவே பார்க்கத் தோன்றுகிறது.

பதில் 4: கயத்தாறு விவசாயி

அம்மையாருக்கும் தங்கைகளுக்கும் நன்றி. மனைவிக்கு இன்னொரு சந்தேகம்: வேலையில் சேர்ந்த பிறகு திருமணம் செய்தால் வெளியேற்றிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் தம்பி மகனும் இதில் சேர முடியுமா என்று கேட்கிறான்.

பதில் 5: ஓய்வுபெற்ற இராணுவச் செவிலி, கோவை

அந்தப் பேச்சுக்குக் காரணம் உண்டு, ஐயா. திருமணம் செய்துகொண்டால் பணிநீக்கம் என்ற விதி 1977ஆம் ஆண்டு ஆணை ஒன்றில் இருந்தது. 1995இல் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த விதியின்படி 1988இல் வெளியேற்றப்பட்ட செலினா ஜான் என்ற அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தருமாறு 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெண் என்பதால் மட்டும் பொருந்தும் அப்படியொரு விதி வெளிப்படையான பாகுபாடு என்றும் கூறியது. உங்கள் மகளின் காலத்தில் அந்தக் கவலை வேண்டாம்.

தம்பி மகனுக்கு இந்தக் கல்லூரிகளில் இடமில்லை. பெண்களை மட்டுமே சேர்க்கிறார்கள். ஆண்கள் நர்சிங் அசிஸ்டன்ட் என்ற சிப்பாய் நிலைப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அது அதிகாரி பதவி அல்ல, அதன் தேர்வு முறையும் வேறு.

பதில் 6: கயத்தாறு விவசாயி

நேற்று நீட் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம். ஆசிரியரிடம் இதைக் காட்டினேன். வகுப்பில் நர்சிங் கேட்டிருந்த மற்ற நான்கு பிள்ளைகளையும் விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டார். பெங்களூரு என்றால் அனுப்பச் சம்மதம் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

பதில் 7: ஓர் அம்மா, தருமபுரி

அண்ணா, எந்தக் கல்லூரி என்பதைத் தரவரிசையும் நாம் கொடுக்கும் விருப்பமும் சேர்ந்துதான் முடிவு செய்யும். நாங்களும் பெங்களூருவை முதலில் எழுதினோம், கிடைத்தது. என் மகளுடன் தேர்வான திருச்சிப் பிள்ளைக்கு லக்னோதான் கிடைத்தது. அண்ணியிடம் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.