பெயின்ட் வேலை முடிஞ்சதுன்னு சொல்றாங்க: ஆளுங்க கிளம்புறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்க்கணும்?

புதுச்சுவர்:
உள் வேலை முடிஞ்சது, நாளைக்குச் சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பறோம்னு பெயின்டர் சொல்லிட்டார். பேசினது: பட்டி (சுவரை வழவழப்பாக்கப் பூசற மாவு) ரெண்டு கோட், பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில போற பூச்சு) ஒண்ணு, மேட் எமல்ஷன் (பளபளப்பில்லாத சுவர் பெயின்ட்) ரெண்டு கோட். கதவுக்கு எனாமல் (ஆயில் பெயின்ட்).

எனக்கு உறுத்துறது மூணு. ஹால்ல ஜன்னலை ஒட்டின பக்கச் சுவர் காலையில நல்லா இருக்கு, சாயங்கால வெயில் சரிஞ்சு விழுந்தா திட்டுத்திட்டா தெரியுது. படுக்கையறைக் கதவு மூணு நாள் ஆகியும் பிசுபிசுன்னு இருக்கு. பாத்ரூமுக்கு அந்தப் பக்கச் சுவர்ல, தரையிலேருந்து ஒரு அடிக்குள்ள சின்னச் சின்னக் கொப்புளம். மூணுக்கும் "காஞ்சா சரியாயிடும்"னு ஒரே பதில். எது நிஜமாவே காஞ்சா சரியாகும்?

பட்டிபிளேடு:
கதவு மட்டும் ஆகலாம். மத்த ரெண்டும் ஆகாது.

திட்டு எந்த வடிவத்துல இருக்குன்னு பாருங்க, காரணம் அதுலயே இருக்கு. இருட்டினதும் ஹால் விளக்கை அணைச்சிட்டு, டார்ச்சைச் சுவரோட ஒட்டவச்சு, வெளிச்சம் சுவர் மேல படுத்துப் போற மாதிரி அடிங்க.

உள்ளங்கை அளவுக்கு ஒழுங்கில்லாத வட்டமா, மங்கலா தெரிஞ்சா, பிரைமருக்குப் பிறகு அங்கே பட்டி ஒட்டு போட்டுத் தேய்ச்சிருக்காங்க, ஒட்டு மேல மறுபடி பிரைமர் வைக்கலை. பட்டி பெயின்ட்டை உறிஞ்சிடும், அந்த இடத்துல மினுமினுப்பு மாறிடும். ரோலர் அகலத்துக்குச் செங்குத்தா பட்டை பட்டையா இருந்தா, ஒரு பட்டையோட ஓரம் காஞ்ச பிறகு அடுத்ததை இழுத்திருக்காங்க. சுவரைச் சுத்தி சட்டம் போட்ட மாதிரி பிரஷ் அகலத்துக்கு அழுத்தமா தெரிஞ்சா, ஓரமெல்லாம் முதல்லயே பிரஷ்ல அடிச்சு முடிச்சிட்டு, நடுவுல ரோலர் விட ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாங்க.

முதல் ரகத்துக்கு ஒட்டு மேல பிரைமர் வச்சுட்டு, முழுச் சுவருக்கும் ஒரு கோட். மத்த ரெண்டுக்கும் மூலையிலேருந்து மூலை வரைக்கும் ஒரே மூச்சுல ஒரு கோட் போதும். திட்டு மேல மட்டும் பிரஷ்ல தொட்டுவிட சம்மதிக்காதீங்க, பழைய திட்டோட புதுத் திட்டும் சேரும்.

ஒண்ணு சொல்லிடறேன்: டார்ச் அடிச்சா எந்தச் சுவரும் தப்பாது. காரணம் கண்டுபிடிக்கத்தான் டார்ச். திருத்தச் சொல்றது, ஒரு மீட்டர் தள்ளி நின்னு சாதாரண வெளிச்சத்துல கண்ணுக்குப் படறதை மட்டும். அந்த இடங்கள்ல மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டிவைங்க. பேனாவால குறிக்காதீங்க, மை மேல் கோட்டைத் தாண்டி வெளியே வரும்.

ஏணிப்படி:
கொப்புளம் எங்கே பிரியுதுன்னு முதல்ல பார்க்கணும். ஒண்ணை பிளேடால கீறி உரிங்க. உரிஞ்ச தோலோட பின்பக்கம் பட்டியும் சேர்ந்து வந்து, உள்ளே சிமென்ட் பூச்சு கறுத்து ஈரமா இருந்தா, அது ஓதம், சுவருக்குள்ள ஊறின ஈரம். பாத்ரூம் பைப்போ, டைல்ஸ் இடுக்கோ கசியுது. அதை அடைச்சு, சுவர் காஞ்ச பிறகுதான் பட்டி. இப்பவே மறுபடி பூசச் சொன்னா மறுபடி உப்பும். அந்தப் பழியைப் பெயின்டர் மேல போடறதும் நியாயமில்லை. ஈரமே இல்லாம மேல் கோட் மட்டும் தனியா எழும்பியிருந்தா, பட்டியைத் தேய்ச்ச தூசியைத் துடைக்காம அடிச்சிருக்காங்க. அது அவங்க வேலை.

கதவுல கட்டைவிரலை அழுத்தி லேசா திருகுங்க. ரேகை மட்டும் பதிஞ்சா இன்னும் காயணும்: ஜன்னலைத் திறந்துவச்சு, கதவை நிலையில படாம நிறுத்திட்டுக் காத்திருக்கலாம். தோல் சுருங்கி நகர்ந்தா, கெட்டியா ஒரே கோட்டா அப்பியிருக்காங்க, மேலே தோல் கட்டி உள்ளே ஈரமா நிக்குது. நல்லா இறுகின பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மெல்லிசா ஒரு கோட் அடிக்கணும். நாளைக்கு முடியாது, அவங்க திரும்பி வரணும். அந்தப் பணத்தை நிறுத்திவைங்க.

கதவோட மேல் விளிம்பை மறக்காதீங்க. போன் கேமராவை மேலே நீட்டி ஒரு படம் எடுத்தா தெரிஞ்சிடும், நிறைய இடத்துல வெறும் மரமா விட்டிருப்பாங்க. ஈரக்காத்துல கதவு உப்பறது அங்கேதான். கீல், தாழ்ப்பாள், சுவிட்ச் போர்டு, கண்ணாடி மேல சிந்தினதையும் இப்பவே எடுக்கச் சொல்லுங்க. நாள் ஆக ஆகச் சுரண்டறது கஷ்டம்.

பட்டிபிளேடு:
இன்னொண்ணு. காலி டப்பாவை எண்ணாம வெளியே விடாதீங்க. ஹால் சுவர் மொத்தம் எத்தனை சதுரடி, எமல்ஷன் எவ்வளவு செலவாச்சு?

புதுச்சுவர்:
டார்ச் அடிச்சேன். வட்டத் திட்டு நாலு இடம், மீதி பட்டை பட்டையா. கொப்புளத்துக்கு உள்ளே கறுத்து ஈரமா இருக்கு, பிளம்பரைக் கூப்பிடணும். கதவுல ரேகை மட்டும் பதியுது.

ஹால், ஜன்னல் கதவு கழிச்சு 600 சதுரடி. 4 லிட்டர் டப்பா ஒண்ணுதான், அதுலயும் கால்வாசி மிச்சம். டப்பாவுல ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120–140 சதுரடின்னு போட்டிருக்கு.

பட்டிபிளேடு:
அப்போ 600 சதுரடிக்கு நாலே கால்லேருந்து 5 லிட்டர் வரை போயிருக்கணும். போனது 3. ஒண்ணு ரெண்டாவது கோட் பாதிச் சுவருக்குக்கூடப் போகலை, இல்லேன்னா டப்பாவுல சொன்னதுக்கு மேல தண்ணி கலந்து இழுத்திருக்காங்க. காஞ்ச சுவரைக் கறுப்புத் துணியால அழுத்தித் தேய்ங்க. துணியில மாவு மாதிரி தாராளமா ஒட்டினா தண்ணி அதிகம். ஈரத்துணி வேண்டாம், புதுப் பெயின்ட் நல்லா இறுக ரெண்டு மூணு வாரமாகும். அதுக்குள்ள ஈரம் பட்டா நல்ல வேலையிலகூட நிறம் கொஞ்சம் வரும்.

சண்டை வேண்டாம், கணக்கைக் காட்டினாலே போதும். வட்டத் திட்டு நாலுக்கும் பிரைமர், ஹால் முழுக்க இன்னொரு கோட். மிச்சம் ஒரு லிட்டர் பத்தாது, இன்னும் ரெண்டு லிட்டர் வாங்கணும். புது டப்பாவோட பேட்ச் எண் வேறயா இருந்தா, பழைய மிச்சத்தையும் சேர்த்து ஒரே வாளியில கலக்கிட்டு அடிக்கச் சொல்லுங்க. தனித்தனியா அடிச்சா சுவர் நடுவுல நிறம் மாறும்.

ஏணிப்படி:
அடிச்சு மீந்ததைப் பெரிய டப்பாவுலயே விடாம, நிறையற அளவுக்குச் சின்ன டப்பாவுல ஊத்தி இறுக்கி மூடுங்க, உள்ளே காத்து இருந்தா தோல் கட்டும். மேலே நிற எண், பேட்ச் எண், எந்த அறைன்னு எழுதிவைங்க. பிளம்பர் வேலை முடிஞ்ச பிறகு பாத்ரூம் பக்கச் சுவருக்கு என்ன நிறம்னு தேட வேண்டியிருக்காது.