வெடிப்பலா பூத்த மாதம்

களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குப் போய்வந்தேன் என்றால் எல்லோரும் முதலில் புலியைத்தான் கேட்கிறார்கள். நான் புலியைப் பார்த்ததில்லை. நான் போனது மரம் பார்க்க.

ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்கு உதவியாக மாதம் ஒருமுறை அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறுவேன். மணிமுத்தாறு, மாஞ்சோலை, அதற்கும் மேலே கக்காச்சி. எண் பொறித்த தகரத் துண்டு கட்டிய ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, பைனாகுலரில் அண்ணாந்து பார்த்து, துளிர், மொட்டு, பூ, காய் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். ஒன்றும் இல்லையா, பூஜ்யம். மழை மாதங்களில் ஒரு பூஜ்யம் எழுதி முடிப்பதற்குள் நாலு அட்டை காலில் ஏறியிருக்கும். காலுறையில் புகையிலைப் பொடி தேய்த்துக்கொண்டுதான் நடப்போம்.

மாசி மாதம் ஒரு காலை. வெடிப்பலா மரத்தடியில் தரையே தெரியவில்லை, அத்தனை பூ. இந்த மரம் டுரியானுக்கு உறவு. பூவில் இதழ் கிடையாது. தடித்த பழுப்புக் குழல் மட்டும், கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக வரும். குனிந்து ஒன்றை எடுத்தேன். பாதி கடிபட்டிருந்தது, பல் பதிந்த இடம் இன்னும் ஈரம்.

"அண்ணாச்சி, அசையாமல் நில்லுங்கள்" என்றார் உடன் வந்த காணிக்காரப் பழங்குடித் தம்பி.

தலைக்கு மேலே சோலைமந்திகள். கறுத்த முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்குப் போல ஒரு குஞ்சம். களக்காட்டை 1976-இல் சரணாலயமாக்கியதே இவற்றுக்காகத்தான். தாய் ஒன்று கன்னப்பை புடைக்கப் பூவை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றைப் பற்றிய குட்டிக்குப் பிடரி இன்னும் முளைக்கவில்லை, முகம் வெளிர் ரோஜா நிறம். அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்குக் குறிப்புத் தாளைத் தொடக் கை வரவில்லை. பழம் அரிதான காலத்தில் இந்தப் பூதான் அவற்றின் சோறு. மலையணிலும் மரநாயும் வௌவாலும் இதற்கே வருகின்றன. ஒரு வெடிப்பலாவை வெட்டுகிறவன் எத்தனை வயிற்றில் அடிக்கிறான்!

பதினொன்று வரை எண்ணினேன். கூட்டம் கிளைக்குக் கிளை தாவிக் கிழக்கே நகர்ந்தது; நாங்களும் கீழே மெதுவாகப் பின்தொடர்ந்தோம். காடு முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் பெரிய ஆண் கடைசிக் கிளையில் நின்றது. அதற்கப்பால் பிடிக்கக் கிளை இல்லை. இடுப்பளவுத் தேயிலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வந்த வழியே கூட்டத்தைத் திருப்பி உள்ளே கூட்டிப் போனது.