சுங்குடிச் சேலையின் கரையைக் கழுத்தில் வைத்தேன், படியாமல் நிற்கிறது: யாராவது உதவுங்கள்

நூல்கண்டு:
வணக்கம். சித்திரை பிறப்பதற்குள் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளில் மூன்று குர்தி தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பஞ்சாங்கத்தில் சித்திரையும் வைகாசியும் இளவேனில்தான். மதுரை வெயிலுக்கு அது தெரியாது.

முதல் குர்தியிலேயே சிக்கல். சேலையின் அகலத்தையே குர்தியின் உயரமாக வைத்து வெட்டினேன். ஒரு கரை அடிப்பக்கத்தில் அழகாக வந்துவிட்டது. இன்னொரு கரையை (2 அங்குலம்) தனியே எடுத்து வட்டக் கழுத்தைச் சுற்றி வெளிப்பக்கமாகப் பட்டி வைத்தேன். கழுத்தோரம் ஒழுங்காகத்தான் தைத்தேன். ஆனால் பட்டி மேலே படியாமல் காலர் மாதிரி எழுந்து நிற்கிறது. வலிந்து அமுக்கித் தைத்தால் அடியில் உள்ள துணி சுருங்கிக்கொள்கிறது. இரண்டு முறை பிரித்தாகிவிட்டது.

காஜாபட்டன்:
பழைய சேலை மெலிந்திருக்கும். 16ஆம் எண் ஊசி போட்டிருந்தால் 11க்கு மாற்றுங்கள், நூலையும் மெல்லியதாக எடுங்கள். பட்டிக்குக் கொஞ்சம் கஞ்சி போட்டு அயர்ன் செய்தால் படிந்துவிடும்.

நூல்கண்டு:
ஊசி 16தான், மாற்றிவிட்டேன். தையல் இப்போது சுருங்கவில்லை, நன்றி. கஞ்சியும் போட்டுப் பார்த்தேன் அண்ணா. கண்ணாடி முன்னால் நின்றவரை படிந்திருந்தது. பஸ் நிறுத்தம் வரை நடந்ததும் வியர்வையில் பழையபடி எழுந்துவிட்டது.

கத்தரிமுனை:
கஞ்சியால் தீராதம்மா. சேலைக் கரை பாவு (நீளவாக்கு இழை) ஓடும் திசையில் நெய்யப்பட்ட நேர்ப்பட்டி. அது வளைவுக்கு இணங்காது. கழுத்தின் அகலம் 6 அங்குலம் என்றால் அடிப்பக்கத்து அரைவட்டம் ஏறக்குறைய 9½ அங்குலம். அங்கிருந்து 2 அங்குலம் வெளியே தள்ளி அதே வளைவைச் சுற்றி வர 15½ அங்குலத்துக்கு மேல் துணி வேண்டும். உங்கள் பட்டியோ இரண்டு ஓரத்திலும் ஒரே நீளம். குறைகிற அந்த ஆறு அங்குலம்தான் பட்டியைத் தூக்கி நிறுத்துகிறது.

வட்டத்தை விட்டுவிட்டுச் சதுரக் கழுத்தாக்கிவிடுங்கள். வட்டத்தின் இரண்டு பக்கத்தையும் அடியையும் தொட்டுக்கொண்டு நேர்க்கோடு போட்டால், வெட்டி எடுக்க வேண்டியது இரண்டு மூலைத் துண்டுகள் மட்டும்தான். கழுத்து இறங்காது, அகலாது.

நூல்கண்டு:
அக்கா, பிரித்துப் பிரித்துக் கழுத்து வேறு தொளதொளவென்று நீண்டிருக்கிறது. சதுரமாக்கினாலும் அந்தத் தொய்வு இருக்குமே?

கத்தரிமுனை:
எந்த இடத்தில் நீண்டிருக்கிறது என்று பாருங்கள். வளைவு குறுக்குச் சாய்வாகத் திரும்பும் இரண்டு மூலையிலும்தான் இருக்கும். அங்கேதான் பாவும் ஊடையும் (குறுக்கு இழை) பிடிமானமில்லாமல் நழுவும். நீங்கள் வெட்டி எறியப்போவதும் அந்த மூலைகளைத்தான். வெட்டியதும் ஓரத்திலிருந்து ⅛ அங்குலத்தில் ஒற்றைத் தையல் ஓட்டிவிடுங்கள். பிறகு கைபட்டாலும் நீளாது. அதுவரை ஹேங்கரில் மாட்ட வேண்டாம்.

கரையை முதலிலேயே ‘ப’ மாதிரி தைத்து வைத்துக்கொள்ளுங்கள், மூலைகளை 45 டிகிரி சாய்வில் இணைத்து. அதன் நல்ல பக்கம் குர்தியின் உள்பக்கத்தைப் பார்க்கும்படி வைத்து ¼ அங்குலத்தில் தையுங்கள். இரண்டு மூலையிலும் குர்தித் துணியைத் தையல் வரை சாய்வாகக் கத்தரித்தால்தான் பட்டி வெளியே திரும்பும். ஓர் இழை மீதம் வைத்துக் கத்தரியுங்கள். திருப்பி அயர்ன் செய்து வெளியோரத்தைத் தைத்தால் முடிந்தது. பின்கழுத்துக்குக் கரை வேண்டாம், மெல்லிய கிராஸ் பீஸ் (குறுக்குச் சாய்வாக வெட்டிய பட்டி) போதும். சரிகைக் கரையென்றால் மேலே துணி போட்டு அயர்ன் செய்யுங்கள்.

நூல்கண்டு:
தைத்துவிட்டேன்! பட்டி உடம்போடு படிந்து கிடக்கிறது. இடது மூலையில் மட்டும் அந்த ‘ஓர் இழை’ கத்தரிக்குப் போய்விட்டது. உள்ளே நகக்கண் அளவுக்கு ஒட்டு கேன்வாஸ் வைத்து அயர்ன் செய்தேன், வெளியே தெரியவில்லை. அம்மா வாங்கிப் பார்த்தார். கழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “இந்தச் சேலையையா வெட்டினாய்?” என்று மட்டும் கேட்டார்.

காஜாபட்டன்:
அடுத்த இரண்டு சேலைகளையும் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.